இரண்டு பிராஞ்சிலும் தங்கியவர்

சிலருக்குச் சர்க்கரை இருக்கும். சிலருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும். இன்னும் சிலருக்கு 'அங்கே' இருக்கும். முதல் இரண்டுக்கும் மாத்திரை உண்டு, மூன்றாவதற்கு இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த மூன்றாம் வகையினருக்கு நான் அங்கேக்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதவர்களா என்ன? காசிமேட்டில் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "எண்ணூர்ல இதைவிடப் புதுசா கிடைக்கும்" என்பார்; எண்ணூருக்கே அழைத்துப்போய் நிறுத்தினால் "என்ன இருந்தாலும் காசிமேடு காசிமேடுதான்" என்பார்; எதிர்வீட்டுச் சாவுக்கு மாலையோடு போய், பிணத்தின் காலில் வைத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டு, போன மாதம் போன சாவில் சாமியானா இன்னும் பெரிசு என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வார். பொய்யா? இல்லை. அதுதான் தொல்லையே. மனதார நம்பிச் சொல்கிறார். உட்கார்ந்திருக்கும் இடம் அவருக்குப் பிடிக்காது. எழுந்து வந்த மறுநிமிடமே அது சொர்க்கமாகிவிடும்.

எனக்கு நெருக்கமாகப் பார்க்கக் கிடைத்தவர் பொன்னுலிங்கம். தூத்துக்குடிப் பக்கம் உப்பு வியாபாரம். ராயபுரத்தில் என் கடைக்கு எதிரே பருப்பு மண்டி வைத்திருக்கும் சிவந்திக்கு மச்சான். சிவந்தியின் மகள் ராமசெல்விக்குத் தாய்மாமன். கல்யாண வீட்டில் தாய்மாமனை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

சிவந்தி சாமானியன் இல்லை. மச்சானைப் பற்றித் தெரிந்தவன். ராமசெல்வியின் கல்யாணத்துக்குத் தண்டையார்பேட்டையில் மண்டபம் பிடித்ததும், வெளியூர்ச் சொந்தங்களுக்கு அறை போடுவதில் ஒரு தந்திரம் செய்தான். நித்ரா இன் என்று ஒரு மலிவு விலை விடுதி. ராயபுரத்தில் ஒரு பிராஞ்ச், திருவொற்றியூரில் ஒரு பிராஞ்ச். இரண்டிலும் ஒரே வாடகை, ஒரே ஊதா நிறப் போர்வை, தீப்பெட்டி அளவில் ஒரே சோப்பு, கட்டிலுக்கு மேலே ஒரே நீர்வீழ்ச்சிப் படம். பெண் வீட்டாருக்கு ராயபுரம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருவொற்றியூர். "எவனாவது எதையாவது ஒப்பிடட்டும் பார்ப்போம்" என்று என்னிடம் சிரித்தான். பாவம், ஒரே அச்சில் வார்த்த இரண்டு இட்லியைக் கொடுத்தாலும் அங்கேக்காரர் ஒன்றில் குறை கண்டுபிடிப்பார் என்பதை மறந்துவிட்டான்.

பொன்னுலிங்கமும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். ராயபுரத்தில் அறை காலியாகவில்லை. முதல் நாள் திருவொற்றியூரில் தங்க வைத்தோம். அங்கே இருந்தவரை அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. லாரிச் சத்தம், மணலிப் பக்கமிருந்து காஸ் நாற்றம், குழாயில் வெந்நீரே இல்லை. மறுநாள் ராயபுரத்துக்கு மாற்றினோம். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். வரவேற்பு மேசையில் இருந்த பிலோமிதான் மாட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, திருவொற்றியூர்ல சோப்பு வாசமா இருந்துச்சே. இது என்ன இப்படி இருக்கு?"

"அதே சோப்புதான் சார். ஒரே கம்பெனி. அங்க இன்னா கீதோ அதான் இங்கயும் கீது."

"தலகாணி அங்க மெத்துமெத்துன்னு கெடந்துச்சு."

"அதுவும் அதேதான் சார்."

"நீ அங்க போயிப் படுத்துப் பாத்தியா?"

வெந்நீர் மட்டும் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால்தான் வரும் என்று சொல்லிப் பிலோமி சாவியைக் கொடுத்தாள். காத்திருந்தார். ஆவி பறக்க வந்தது. திருவொற்றியூரிலும் அப்படித்தான் வந்திருக்கும். அங்கே சொல்ல ஆளில்லை, இவருக்குக் காத்திருக்கும் பழக்கமில்லை. ஆனால் ராயபுரத்தில்தான் வெந்நீர் என்ற உண்மை அன்றைக்கு உலகத்தில் நிலைநாட்டப்பட்டுவிட்டது.

அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரம் முழங்குகிறது, மாப்பிள்ளைப் பையன் வெற்றி, வெட்கத்தோடு மாலையைச் சுமந்து நிற்கிறான். பொன்னுலிங்கம் சம்பந்தியின் தோளில் கை போட்டு, "ராயபுரத்துல வெந்நி என்னமா வருது தெரியுமா? உங்களுக்கு அதைக் கொடுத்திருக்கலாம்" என்று உருகினார். சம்பந்தியின் முகம் சுருங்கிவிட்டது. பொன்னுலிங்கம் அங்கிருந்து நகர்ந்து பெண் வீட்டுச் சொந்தக்காரர்களிடம் வந்தார். "திருவொற்றியூர்ல காலையில பூரி போடுதான். நமக்கு இங்க என்ன, வெறும் பொங்கல். மாப்பிள்ளை வீடுன்னா ஒரு மாதிரி, நம்ம ஆளுன்னா ஒரு மாதிரி." அங்கேயும் முகங்கள் சுருங்கின. அவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இரண்டு பக்கமும் நன்றாக இருக்க வேண்டும் என்ற நல்ல மனசு ஒன்றுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் முகூர்த்தம் காலையில். ஒன்பது மணிக்குள் தாலி ஏறிவிட வேண்டும். சம்பந்தி வீட்டில் முகூர்த்தம் தவறினால் கல்யாணமே இல்லை என்கிற ரகம். திருவொற்றியூரில் மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்து, தலை நிறைய எண்ணெய் தேய்த்தாயிற்று. அங்கே உதவிக்கு இருந்த என் காதில் சம்பந்தியின் குரல் விழுந்தது. "இந்தப் பச்சத் தண்ணியில எம்புள்ள குளிக்க மாட்டான். வண்டிய ராயபுரத்துக்கு விடச் சொல்லு!" கையில் போனோடு பொன்னுலிங்கம் ஏற்கெனவே வாசலில் நின்றார். அழைத்துப் போகவே வந்திருந்தார். நானும் அவர்களோடு வேனில் ஏறிக்கொண்டேன்.

வேன் ஓட்டும் டில்லிபாபு வியாசர்பாடிக்காரன். வடசென்னையின் எந்தச் சந்தில் எப்போது லாரி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். டி.எச். ரோட்டில் போகலாம் என்றான். பொன்னுலிங்கம் விடுவாரா?

"அந்த ரோட்டைவிடக் கடலோர ரோடு நல்லா இருக்கும். அங்கன காத்தும் வரும்."

"நைனா, அது கன்டெய்னர் ரோடு. மாட்டிக்கினா பேஜாரு."

"நான் நேத்து வந்தேம்ப்பா. காலியாக் கெடந்துச்சு."

தாய்மாமன் சொல். வண்டி கடலோரச் சாலையில் திரும்பியது. காசிமேட்டுக்கு முன்பாகவே நின்றது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் முன்னால், பின்னால், பக்கவாட்டில். எதிர்ப்பக்கத்தில், நடுச்சுவருக்கு அப்பால் இன்னொரு வேனும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பட்டுச் சேலையும் மல்லிகையுமாகப் பெண் வீட்டுச் சொந்தங்கள். பூரி சாப்பிடத் திருவொற்றியூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அங்க பூரி உண்டுமா?" என்று அங்கிருந்து ஒரு குரல். "அங்க வெந்நி வருதா?" என்று இங்கிருந்து ஒரு குரல்.

மண்டபத்தில் ராமசெல்வி மணப்பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். சிவந்தி எனக்குப் போன் செய்தான். ஒரே கேள்விதான் கேட்டான்: "வந்துருவாகளா?" எத்தனையோ வருடம் எதிர்க்கடையில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அது அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் சம்பந்தி, "ரூமுலயே ஓரவஞ்சனை பாக்குறவன் வீட்டுல சம்பந்தமே வேண்டாம், திருப்பு வண்டிய" என்று கத்தத் தொடங்கினார். திருப்புவதற்குத்தான் இடமில்லை. அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றியது கன்டெய்னர் லாரிகள்தான் என்று இன்றும் சொல்வேன்.

மாப்பிள்ளை இடுப்பில் துண்டோடு, காதோரம் எண்ணெய் வழிய, மணியைப் பார்த்தான். பிறகு டில்லிபாபுவைப் பார்த்தான். டில்லிபாபு இறங்கிப் போய், இரண்டு வண்டி தள்ளி நின்ற தண்ணீர் லாரியின் கதவைத் தட்டினான்.

"மாமு, நம்ம தோஸ்துக்குக் கல்யாணம். கொஞ்சம் பைப்ப தொற."

"இங்கயா? ரோட்டுலயா?"

"பின்ன இன்னா, ஃபைவ் ஸ்டார்லயா?"

குழாய் திறந்தது. கடலைப் பார்த்து நின்றுகொண்டு, சுற்றிலும் லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்த, வெற்றி சீயக்காய் தேய்த்துக் குளித்தான். சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது பொன்னுலிங்கம் சொன்னார்:

"ரெண்டு பிராஞ்சு ஷவரையும் பாத்துட்டேன். இதுல வார வேகம் அதுகள்ல வரல."

ஈரத் தலையோடு மாப்பிள்ளையை ஒரு மீன் ஆட்டோவில் ஏற்றி, சந்து சந்தாக மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்ல நேரம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது. மாப்பிள்ளைமேல் மீன் வாசம் அடித்ததாம். ராமசெல்வி அழுதுகொண்டே சிரித்தாள். சிவந்தி தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

எல்லாம் முடிந்து பந்தி. சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்த பொன்னுலிங்கம், போன வருடம் சாத்தான்குளத்தில் சாப்பிட்ட சாம்பாரை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அதற்குள் எதிர் இலையில் சண்டை மூண்டுவிட்டது. எந்த பிராஞ்ச் நல்ல பிராஞ்ச்? மாப்பிள்ளை வீட்டார் ஒன்று சொல்ல, பெண் வீட்டார் ஒன்று சொல்ல, இரண்டிலும் தங்கிய ஒரே பெண்பிள்ளை ஆவுடையம்மாள்தான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பந்தி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியே கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ரெண்டுல எது நல்லா இருந்துச்சு?"

ஆவுடையம்மாள் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ரசம் நாத்தனார் ரசத்தோடும், அவருடைய கோலம் பக்கத்து வீட்டுக் கோலத்தோடும், அவருடைய பிள்ளைகள் ஊரார் பிள்ளைகளோடும் நிறுக்கப்பட்டவை. அவரிடம் யாரும் இதுவரை அபிப்பிராயம் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்யா. ரெண்டு ரூமுலயும் இவுககூடத்தான தங்குனேன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் சம்பந்தி. காலையிலிருந்து சுருங்கிக் கிடந்த முகங்கள் எல்லாம் ஒன்றாக விரிந்தன. சிவந்தி சிரித்தானா அழுதானா, எனக்குத் தெரியவில்லை. ராமசெல்வி மணக்கோலத்திலேயே எழுந்து வந்து அத்தையின் இலையில் ஒரு லட்டு வைத்தாள்.

பொன்னுலிங்கம் திருந்தினாரா? நல்ல கேள்வி. அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "எந்தங்கச்சியா இருந்தா சபையில இப்படிப் பேசியிருக்க மாட்டா."

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, போன மாதம் வேறொருவர் எழுதியது இதைவிட நன்றாக இருந்ததே என்று உங்களுக்குத் தோன்றியது, எனக்குத் தெரியும். பரவாயில்லை. அடுத்த முறை எங்கேயாவது அறை எடுத்துத் தங்கினால் சோப்பைக் குறை சொல்லுங்கள், தலையணையைக் குறை சொல்லுங்கள், நீர்வீழ்ச்சிப் படத்தைக் கூடக் குறை சொல்லுங்கள். உங்களோடு தங்கியவரிடம் மட்டும் எந்த அறை நன்றாக இருந்தது என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடாதீர்கள்.