தொட்டியில் தண்ணீர் இருந்ததா?

எனக்கு யாரிடமும் ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. என் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது அதனால்தான்.

அப்போது தஞ்சாவூரில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். பட்டம் வாங்கினால்தான் பெண் என்று மாயவரத்தில் ஒரு வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். என் ஆராய்ச்சி, வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர். அதற்குள் இரண்டு கட்டளைகள் மோதும். ‘நீண்டு வளர்ந்து தலையை வெளியே நீட்டு’ என்று ஒன்று. ‘சும்மா கிட, சக்தியைச் சேமி’ என்று இன்னொன்று. செல் இரண்டையும் கேட்டு, எந்த ஜீனை முடுக்குவது, எதை அடக்குவது என்று முடிவெடுக்கும். எப்படி எடுக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பிய மேதாவி நான்.

கீழ்வேளூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், சிமெண்ட் தொட்டியில் நாற்றுகளை மூழ்கடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன்: “பத்து நாளைக்குத் தண்ணி குறையவே கூடாதுப்பா.”

“அத நான் பாத்துக்கறேன், நீ போ.”

மறுநாளே அம்மாவிடமிருந்து போன். “கொசு மருந்து அடிக்கறவங்க வந்து சத்தம் போடறாங்கடா. தொட்டித் தண்ணியத் தொறந்து விட்டுடட்டுமா?”

நான் மெஸ்ஸில் பரோட்டா வரிசையில் நின்றிருந்தேன். “சரிம்மா, செய்யி.”

(அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். என் தாய்மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அப்பாவை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தகவலெல்லாம் என் வழியாகத்தான்.)

அப்பா காலையில் நிரப்பிவிட்டு வயலுக்குப் போவார். அம்மா பத்து மணிக்குத் திறந்து விடுவாள். ‘என்னா வெயிலு, மொத்தத்தையும் குடிச்சிடுதே’ என்று அவர் நினைத்தார். ‘தொட்டிக்குள்ள ஊத்து எடுக்குது போல’ என்று அவள் நினைத்தாள்.

பத்தாம் நாள் என் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பயிர் நீளவும் இல்லை, அடங்கவும் இல்லை. மஞ்சளாகி வாடிக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“தண்ணி எத்தன நாள் நின்னுதுங்க?” என்று பேராசிரியர் கேட்டார்.

“பத்து நாளும் காலையில ரொப்பி வச்சேன் சார்,” என்றார் அப்பா.

“ஒரு நாளும் நிக்க விடலைங்க,” என்றாள் அம்மா.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். “நெல்லுக்குள்ள ரெண்டு கட்டளையையும் சேத்து வச்சுப் பாத்து முடிவு பண்ண ஏற்பாடு இருக்கு. உங்க வீட்டுல அந்த வேலை யாரோடது தம்பி?”

அம்மா, இருபது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அப்பா பக்கம் திரும்பினாள். “ஏங்க, உங்ககிட்ட இவன் என்ன சொன்னான்?”

அவ்வளவுதான். இருவரும் ராசியாகிவிட்டார்கள். சேர்ந்து என்னைத் திட்டிய திட்டில் கொல்லைக் காக்காயெல்லாம் பறந்துவிட்டன.

அடுத்த வருஷ நாற்றுப் பருவத்தில் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்தேன். மாயவரத்துப் பெண் ஒரு வருஷம் காத்திருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் அவள் ஒன்று சொல்லி, அம்மா வேறொன்று சொல்லி, நான் இருவருக்கும் ‘சரி’ என்று தலையாட்டினால் போதும், உள்ளேயிருந்து அப்பாவைக் கூப்பிட்டு என் மனைவியின் குரல் வரும்:

“மாமா, தொட்டியில தண்ணி இருக்கான்னு கொஞ்சம் பாருங்க!”