பயனடைபவர் கையெழுத்து

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தாள். காடு என்றதும் அருவி, குகை, சிங்கராஜா என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். மிருகாபுரி மாநகரில், பஸ் டிப்போவுக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடுவே, முன்பு குப்பை கொட்டிய பன்னிரண்டு சென்ட் இடம். ஆறு வருடத்துக்கு முன் யாரோ நெருக்கி நெருக்கிக் கன்றுகளை நட்டுவிட்டுப் போனார்கள். அவையும் பேசாமல் வளர்ந்துவிட்டன. சித்திரை வெயிலில் அந்த ஒரு தெருவில்தான் நடமாட முடிந்தது. ஐப்பசி மழையில் பக்கத்துத் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்க, இங்கே மண்ணே குடித்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்குமே!

கீரியின் பெயர் மரகதம். தெருவோரப் புங்க மரத்தடி வளையில் இன்னும் கண் திறக்காத மூன்று குட்டிகள். எதிரிலேயே மாநகராட்சி அலுவலகம். அங்கே அதிகாரியான கரடியார் தினமும் தன் கறுப்புக் காரை அந்தப் புங்க மரத்தின் கீழ்தான் நிறுத்துவார். ஏன் அங்கே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு நாள் மரத்தில் ஆணி அடித்து நோட்டீஸ் மாட்டியிருந்தார்கள். அந்த மரத்தில் குடியிருந்த காக்கா படித்துச் சொன்னது.

"அக்கா, பத்து நாள்ல எல்லா மரத்தையும் வெட்டிட்டு கார் பார்க்கிங் கட்டப் போறாங்களாம். பேரு 'பசுமை நிறுத்தம்'. தரைக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பாங்களாம்."

மரகதம் அலுவலகத்துக்கு ஓடினாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு நத்தை. அதற்கும் முன்னால் இன்னொரு நத்தை. மாலையில் ஒருவழியாகக் கவுண்டரை அடைந்தாள். உள்ளே ஆமை.

"எந்தக் காடும்மா? ஃபைல்ல காலி மனைன்னு இருக்கு."

"நான் அங்கதானே சார் குடியிருக்கேன்?"

"அப்ப நீங்க ஆக்கிரமிப்பு."

ஆனாலும் ஒரு படிவம் தந்தது. 'மரங்களால் என்ன பயன்?' மரகதம் இரண்டு பக்கமும் எழுதித் தள்ளினாள். சூடு குறைகிறது, தூசி அடங்குகிறது, கிணற்றில் நீர் ஏறுகிறது.

ஆமை படிக்காமலே திருப்பித் தந்தது. "பயனடைபவர் கையெழுத்து இல்லையே."

"ஊரே பயனடையுது சார்."

"ஊர் வந்து கையெழுத்துப் போடுமா?"

மரகதம் வீடு வீடாக ஏறினாள். முயல் மாமி கதவை அரையடிதான் திறந்தாள். "எங்க வீட்ல மூணு ஏசி ஓடுது. மரத்தால எங்களுக்குக் கொசுதான்." ஒட்டகம், வெயில் தனக்குப் பழக்கம் என்றது. ஒன்பது நாள் போனது. படிவத்தில் கையெழுத்து மட்டும் விழவில்லை.

பத்தாம் நாள் கரடியார் அளவெடுக்க வந்தார். வெட்ட வேண்டிய மரங்களைச் சுற்றி ஊழியர்கள் காலையிலேயே சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். அவரே போட்ட உத்தரவு. அதனால் கார் நடுத்தெரு வெயிலில் நின்றது. அளந்தார், காபி குடித்தார், மறுபடி அளந்தார். மத்தியானம் காரில் ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்திலேயே வெளியே குதித்தார்.

"ஐயோ! சீட்டா இது, தோசைக்கல்லா?"

மரகதம் படிவத்தோடு எதிரே நின்றாள். "தினமும் காரை எங்க சார் நிறுத்துவீங்க?"

"இந்த மரத்தடியிலதான்."

"நாளையிலேர்ந்து?"

"பார்க்கிங்ல."

"அங்க நிழல்?"

கரடியார் வரைபடத்தைப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். நாலு மூலைக்கும் தொட்டியில் நாலு குரோட்டன்ஸ் செடி இருந்தது.

"காக்கா எதிர்க்கிளைக்குப் போயிடும் சார்," என்றாள் மரகதம். "கார் மேல ஒரு துளி விழாது."

"அதெப்படி அக்கா, காலங்காத்தால அடக்க முடியும்?" என்றது காக்கா.

"நீ வாயை மூடு. அதையும் மூடு."

கரடியார் பேனாவை எடுத்தார். பயனடைபவர்: கரடி. பயன்: சீட்டு சுடாது.

அன்று மாலையே நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். அந்த இடம் இப்போது ஃபைலில் 'அலுவலக வாகன நிழற்கூடம்'. காடு என்ற பேச்சே அதில் இல்லை. மறுநாள் குட்டிகள் கண் திறந்தன. முதலில் பார்த்தது ஒரு கறுப்பு டயரை. மரகதம் அதற்குக் கும்பிடு போடக் கற்றுக்கொடுத்தாள்.

நீதி: ஊரைக் குளிர வைக்கக் காடு வளர்ப்பவர்கள், கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே ஓர் அதிகாரியின் கார் நுழையும் அளவு இடைவெளி விட்டு நடவும்.