சமையலறைக்குள் ஆறாம் எண் பஸ்

வெப்ஸ்டர் தெரு,
கேன்சஸ்.

அன்பும் மதிப்பும் நிறைந்த வெர்னா அத்தைக்கு,

மருமகள் ஜோலின் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகன் கர்ட்டிஸும் குழந்தை ஓடெட்டும் நலம். எதிர்வீட்டில் நீங்களும் நலமென்று உங்கள் ஜன்னல் வெளிச்சம் சொல்கிறது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாமல், எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

ஆறாம் எண் பஸ் நின்றுவிடாமலிருக்க நம் கடைத்தெருவைத் தனி வரி வட்டாரமாக்கி, அங்கே வாங்கும் பொருளுக்கெல்லாம் கொஞ்சம் கூடுதல் வரி போடலாமா என்று தபால் ஓட்டெடுப்பு வந்ததும், "நான் பால் வாங்கினா ஊரான் பஸ்ஸுக்கு ஏன்டி தண்டம் அழணும்?" என்றீர்கள். உங்களுக்குக் கார் இருக்கிறது அத்தை. எங்கள் வண்டியைக் கர்ட்டிஸ் விடியுமுன்னே வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். மூச்சிரைக்கும் குழந்தையோடு வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு நான் எதில் போவேன்? வட்டாரத்தின் எல்லைக்கோடோ எங்கள் வீட்டுக்கு நடுவே ஓடுகிறது. சமையலறை உள்ளே, படுக்கையறை வெளியே. கோட்டுக்குள் குடியிருப்பவருக்குத்தான் ஓட்டு. தேர்தல் அலுவலகத்து ப்ரூயிட் அம்மாள், "எந்த ரூம்ல தூங்குறியோ அதுதாம்மா கணக்கு. எங்க தூங்குற?" என்றார். "புள்ள பொறந்ததுலேர்ந்து எங்கங்க தூங்குறேன்?" என்றேன். அன்றே கட்டிலைச் சமையலறைக்கு இழுத்தேன். "நீ பிரிட்ஜைக் கட்டிக்கிட்டுத் தூங்கு, நான் வரல" என்று கர்ட்டிஸ் படுக்கையறைத் தரையிலேயே படுத்து ஓட்டை இழந்தார். பிரிட்ஜின் உறுமலில் எனக்குக் கண் சொக்கும். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஆறாம் எண் பஸ் மிதந்து வந்து நிற்கும், ஓட்டுநர் ஓடெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், வெளியே சோளக்காடு கடல்போல அசையும், குழந்தை இரைப்பில்லாமல் மூச்சுவிடும், நான் இறங்கவே மாட்டேன்.

கோட்டுக்குள் ஓட்டுள்ளவர்கள் ஐந்தே பேர். சலவைக்கடை மாடி ரமோனாவும் அவள் கணவனும் ஆதரவு, நீங்களும் பெயின்ட் கடைக் கெட்டரிங்கும் எதிர்ப்பு, மிச்சம் நான். இன்று ப்ரூயிட் அம்மாள் போனில், "மூணு பேர் ஆதரவு, ஜெயிச்சாச்சும்மா!" என்றார். என் ஒரு ஓட்டால் உங்கள் பாலுக்கு வரி வந்துவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள் அத்தை. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் முழங்கால் வலி தீரவும், எங்கள்மேல் உங்கள் மனம் இளகவும் வேண்டிக்கொள்ளும்,
மருமகள்
ஜோலின்

பி.கு.: இதற்கு உறை தேடி இழுப்பறையைத் திறந்தால், என் ஓட்டுச்சீட்டு உறைக்குள் வைத்து ஒட்டிக் கையெழுத்திட்டபடி அங்கேயே கிடக்கிறது. தூக்கக் கலக்கத்தில் நான் தபாலில் போட்டது ஓடெட்டின் தடுப்பூசிச் சீட்டை! கெட்டரிங் மாலையெல்லாம் தெருவில் நின்று கத்திய கத்தலைப் பார்த்தால் மூன்றாவது ஓட்டு அவருடையதில்லை. அப்படியானால்... அத்தை! மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன், கெட்டரிங்கிடம் சத்தியமாக மாட்டேன்.