பிரியாணி இல்லாத கொள்ளையர் பட்டணம்

கொள்ளையர் பட்டணத்தில் இன்று முதல் பிரியாணி கிடையாது என்று சங்கையா சொன்னதும், ராக்கப்பன் கையிலிருந்த சோழிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்ப நான் எதுக்குக் கப்பல் தலைவனா இருக்கணும்?"

ஏலப்பாறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தைப் பூட்டி மூன்றாவது மாதம். வெளியே ஆடி மழை. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. தொழிலாளர் லைன் வீட்டில் பசியை மறக்கச் சங்கையா கண்டுபிடித்த விளையாட்டு அது. கடலோரத்தில் ஒரு பட்டணம். அதில் ஆளுக்கொரு வேஷம். என்ன நடக்கிறது என்று சங்கையா சொல்வான். என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா என்பதைச் சோழி சொல்லும். ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. மைத்துனன் சின்னமுத்து நிஜமாகவே கடலுக்குப் போவதாகக் கிளம்பிவிட்டான். வெள்ளிக்கிழமை தரகன் தாவூத்தின் லாரி வருகிறது, துறைமுகத்துக்கு ஆள் ஏற்றுகிறது என்று லைன் முழுக்கப் பேச்சு.

"எனக்குன்னு இருக்கது ஒத்தத் தம்பி," என்றாள் சங்கையாவின் பெண்டாட்டி மாரித்தாய். "நீங்க காட்டின ஆசை. நீங்களே கெடுத்து விடுங்க. அவன் லாரியில ஏறினான்னா, பெறகு எங்கிட்டப் பேச வேண்டாம்."

எனவே சங்கையா பட்டணத்தைக் கெடுக்க உட்கார்ந்தான். பிரியாணியை எடுத்துவிட்டுப் புழுத்த அரிசிக் கஞ்சியை வைத்தான்.

"தெனமும் கஞ்சியா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சிசிலி.

"தெனமும்தான்."

"ரெண்டு வேளையா?"

சங்கையா கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு வேளை."

அன்று சாயங்காலமே சிசிலி லாரிக்குப் பேர் கொடுத்தாள்.

மறுநாள் சவுக்கைக் கொண்டுவந்தான். "கப்பல்ல எவன் எதுத்துப் பேசினாலும் முதுகுத் தோலு உரிஞ்சிரும், பாத்துக்கோ."

"பேசினாத்தானே?" என்றான் ராக்கப்பன். "இங்க பேசாம நின்னதுக்கே கங்காணி அடிச்சான்."

அவனும் பேர் கொடுத்தான்.

மூன்றாம் நாள் பட்டணத்தில் விஷக்காய்ச்சல். வைத்தியன் கிடையாது. செத்தவர்களைப் பாயில் சுருட்டிக் கடலில் எறிந்தார்கள்.

"பாய் குடுக்காங்களா?" என்று கேட்டான் ராக்கப்பன்.

யாரும் சிரிக்கவில்லை. போன மாதம் அவன் தன் தாயைச் சாக்கில்தான் சுற்றிக்கொண்டு போனான்.

மேலும் நாலு வீடு பேர் கொடுத்தது.

வியாழக்கிழமை சங்கையாவிடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. சின்னமுத்துவின் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"மாப்ளே, அந்தப் பட்டணத்துக்குள்ள போனவன் திரும்பினதில்ல. அவன் புள்ளையும் அங்கதான் குனியணும். பேரனும் அங்கதான். முதுகு வளைஞ்சு, அந்த மண்ணுக்கே உரமாப் போகணும்."



"அத்தான், இது எந்த ஊருன்னு தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா?" என்றான் சின்னமுத்து.

சங்கையா தலையைக் குனிந்துகொண்டான். சோழியைத் தொட யாரும் கை நீட்டவில்லை. மாரித்தாய் எழுந்துபோய், பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசியைத் தட்டினாள்.

"என்ன செய்யுத?"

"அவன் தனியாப் போகக் கூடாதுன்னுதானே அழுதேன். நாமளும் போவோம். அங்க ரெண்டு வேளைக் கஞ்சி உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெள்ளிக்கிழமை காலையில் லைன் காலி. அடுப்புச் சாம்பல்கூட ஆறியிருந்தது. லாரியின் பின்னால் சட்டிபானைகளுக்கு நடுவே சங்கையா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் மாரித்தாய். அவள் தோளில் சாய்ந்து சின்னமுத்து.

"அத்தான், கடலு தூரத்துலயே தெரியுமா?"

"தெரியும்," என்றான் சங்கையா. "நீலமா இருக்கும்." அவனுக்கும் லேசாக ஆசை வந்திருந்தது.

தாவூத் தலைகளை எண்ணிவிட்டு, பின்கதவுக் கொண்டியை மாட்டினான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக எட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் கொழுந்துக் கூடையை எடுத்துக்கிட்டீங்கதானே? நாம போற தோட்டத்துல கூடையெல்லாம் குடுக்க மாட்டாங்க."