தண்ணீர் வற்றும்வரை வாய்தா

தென்காசி கோர்ட்டில் ஒரு வழக்கிலும் எழுந்து நின்று வாதாடாமல், வக்கீல்கள் எல்லாரையும்விட அதிக வழக்குகளை ஜெயித்தவர் வாய்தா அண்ணாச்சி. இதை ஒப்புக்கொள்ளாத வக்கீல் எவராவது இருந்தால், அவர் வீட்டுக் காபியை அண்ணாச்சி எத்தனை தம்ளர் குடித்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முகம் மாறிவிடும்.

அண்ணாச்சி வக்கீல் இல்லை. பெரிய வக்கீல் ஒருவரிடம் வெகுகாலம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வக்கீல் காலமானபோது அவருடைய கறுப்புக் கோட்டு இவருக்கு வந்து சேர்ந்தது. குமாஸ்தா கறுப்புக் கோட்டுப் போடலாமா என்று மற்ற வக்கீல்கள் சண்டைக்கு வந்தார்கள். மறுநாள் அண்ணாச்சி கோட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். பழுப்புத் துணி, தொங்கும் நூல்கள், ஆட்டுக் காது போல இரண்டு பக்கமும் பிதுங்கிய பைகள். "இப்ப எங்கவே இருக்கு கறுப்பு?" என்று கேட்டார். கடைசிவரை அப்படியேதான் போட்டார்.

'திக்கற்றோர் சட்ட உதவிச் சங்கம்' என்று லெட்டர்பேடு அடித்து வைத்திருந்தார். தலைமையகம் தென்காசி, கிளைகள் கடையநல்லூர், வாசுதேவநல்லூர், புளியறை. படிப்பவர்களுக்கு ஏதோ பாங்கி என்று தோன்றும். கடையநல்லூர்க் கிளை என்பது மைதீன் பாயின் தறிக்குழி. வாசுதேவநல்லூர்க் கிளையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார்கள். புளியறைக் கிளை, லாரிக்காரர்களுக்குப் பழம்பொரி போடும் செல்லம்மக்காவின் அடுப்பு. தலைமையகம் அண்ணாச்சியின் குடைக்குக் கீழே இருந்தது. அவர் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிஸ்கட் டப்பா. கஷ்டப்பட்டவர்கள் மனுவை அதில் போடலாம். எழுதத் தெரியாதவர்கள் செல்லம்மக்காவிடம் சொல்லி அழலாம். வாரம் ஒருமுறை அண்ணாச்சி பஸ்ஸில் போய் டப்பாவைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வருவார். மறுநாள் விடிந்ததும் ஏதாவது ஒரு வக்கீல் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். கேஸை இனாமாக நடத்த ஒப்புக்கொள்கிறவரை எழுந்திருக்க மாட்டார். மூன்றாவது காபிக்கு வக்கீலின் சம்சாரமே, "எடுத்து நடத்தித் தொலைங்களேன்" என்று சொல்லிவிடுவாள்.

சங்கத்துக்குப் பீஸ் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. உதவி பெற்றவர், அடுத்தவரின் கேஸ் நடக்கும்போது கோர்ட்டுக்கு வந்து பின்னால் உட்கார வேண்டும். பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும். "தனியா நிக்கவனைப் பாத்தா கோர்ட்டுச் சொவரே மொறைக்கும்லே" என்பார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதைக்கு வருகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். குற்றாலம் பேரருவிப் பக்கம் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். அதில் கை பேசினால் போதும், வாய் தேவையில்லை. எனக்கு அது வசதி. ஒரு சீசனில் மதுரைப் பக்கத்து முதலாளி ஒருவருக்குத் தேய்த்துவிட்டேன். அவர் அருவிக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தால் விரலில் மோதிரம் இல்லை. அவர் கையைப் பிடித்தவன் நான் ஒருவன்தானாம். போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தாயா என்று கேட்டார்கள். நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்த்தவன் திருடன் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஜெயிலுக்குப் போவதுகூடப் பெரிதில்லை. திருடன் என்று பெயர் எடுத்தவன் கையில் அப்புறம் யார் உடம்பைக் கொடுப்பார்கள்?

முதல் நாள் கோர்ட்டில் மாஜிஸ்டிரேட், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். உதடு மட்டும்தான் அசைந்தது. நல்லவேளை, என் கேஸை யாரோ சங்கத்து டப்பாவில் எழுதிப் போட்டிருந்தார்கள்; அண்ணாச்சி காபி குடித்துப் பிடித்து வைத்திருந்த சின்ன வக்கீல் எனக்காகச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் பின்பெஞ்சு முழுக்க நான் பார்த்தேயிராத முகங்கள். மைதீன் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எனக்குச் சலாம் வைத்தார். இத்தனை பேரும் இவனுக்குச் சொந்தமா என்று மாஜிஸ்டிரேட் டவாலிச் சேவகரிடம் கேட்டார். டவாலிக்கும் தெரியவில்லை.

ஜாமீனில் வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, ஒனக்கு வாய்ன்னு ஒண்ணு இருக்கா, இல்ல சோறு திங்க மட்டும் வாங்கி வச்சிருக்கியா?"

மறுநாளிலிருந்து பயிற்சி. கட்சிக்காரர்கள் எல்லாருக்கும் சங்கம் கொடுக்கிற பயிற்சிதான். காலையில் பேரருவிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டு, அவர் தூரத்தில் படிக்கட்டின் மேல் போய் நிற்பார். அருவிச் சத்தத்தைத் தாண்டி, "நான் எடுக்கலை" என்று அவர் காதில் விழும்படி நான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டால் குடையைத் தூக்குவார். செல்லம்மக்காவுக்கு முதல் தடவையிலேயே குடை தூக்கினாராம். அவள் குரலுக்கு அருவியே ஒதுங்கி விழுந்திருக்கும். நான் ஒரு மாதம் கத்தினேன். குளிக்க வந்தவர்கள் பரிதாபப்பட்டு, "நீ எடுக்கலப்பா, நாங்க நம்புதோம், நிறுத்து" என்றார்கள். குடை மட்டும் அசையவே இல்லை. "கேக்கலலே" என்று கையை விரிப்பார்.

வாயால் ஆகாது என்று தெரிந்ததும் வாய்தாவுக்குத் தாவினார். சின்ன வக்கீலுக்கு வயிற்றுவலி என்று ஒரு வாய்தா. வக்கீலின் மாமியாருக்கு வயிற்றுவலி என்று ஒன்று. அதற்குப் பிறகும் இரண்டோ மூன்றோ. எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு இழுக்கிறீர்கள் என்று ஒருநாள் முணுமுணுத்தேன். "தண்ணி வத்தட்டும்லே" என்றார். சாரல் நின்று, ஐப்பசி மழையும் முடிந்து, அருவி நூலாகிப்போனால் அடியில் இருக்கிற பாறை இடுக்கெல்லாம் வெளியே தெரியும். எண்ணெய் போட்ட விரலில் மோதிரம் நிற்காது. நழுவிய மோதிரம் அங்கேதான் கிடக்கும் என்பது அவர் கணக்கு.

மாஜிஸ்டிரேட் பொறுமை இழந்தார். "இன்றைக்கு யாருக்கு வயிற்றுவலி?" என்று கேட்டார். சின்ன வக்கீல் தலையைச் சொறிந்தார். "சாட்சி தண்ணிக்குள்ள இருக்குங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மாஜிஸ்டிரேட்டும் குற்றாலத்தில் குளிக்கிறவர்தான். கடைசி வாய்தா என்று ஒரு மாதம் கொடுத்தார்.

அந்த மாதத்தில் அண்ணாச்சி சங்கத்தின் பொதுக்குழுவை அருவிக்கு அடியில் கூட்டினார். நான்கு ஊர் ஆட்களும் மண்வெட்டி, சல்லடை, சட்டுவத்தோடு வந்து பாறை பாறையாகச் சுரண்டினோம். கோட்டு நனையாமல் மேலே நின்று குடையால் திசை காட்டினார் அண்ணாச்சி.

"கடையைப் பூட்டிட்டு வந்து பாசியைச் சொரண்டுதேன். இவருக்கு என்ன, கவர்னரு மாதிரி நிக்காரு" என்றாள் செல்லம்மக்கா.

மூன்றாம் நாள் அவள் சட்டுவத்தில் முதலில் ஏறியது ஒற்றைக் கொலுசு. அடுத்து, சிரித்தபடி ஒரு பல்செட், மேல்வரிசை. அதற்கடுத்து, பெயரின் முதலெழுத்து வெட்டிய மோதிரம். எல்லாரும் மோதிரத்தைப் பார்த்து ஆடினோம். அண்ணாச்சி பல்செட்டைத்தான் முதலில் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

அதன் காரணம் கோர்ட்டில்தான் தெரிந்தது. முதலாளி மோதிரத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பயத்தில் நானே அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பேன் என்றார் சர்க்கார் தரப்பு வக்கீல். உடனே சின்ன வக்கீல் எழுந்து, பல்செட்டை மேஜைமேல் வைத்தார். "இதுவும் அதே இடுக்கில் கிடைத்தது. இதையும் இவன்தான் ஒரு ஆளின் வாய்க்குள் கையை விட்டுக் கழற்றினானா?" மாஜிஸ்டிரேட் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். டவாலி மூட மறந்துவிட்டார். எனக்கு விடுதலை.

ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று மாஜிஸ்டிரேட் கேட்டார். நன்றி என்று சொன்னேன். உதடு அசைந்தது. பின்பெஞ்சில் அண்ணாச்சி கையை விரித்தது தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் பல வருஷம் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யாருடைய கேஸ் என்றே தெரியாமல்கூட உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் அண்ணாச்சி புளியறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தார் என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கிளைகள் அத்தனையும் எனக்கு முன்னால் வந்து வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தன. பழக்கம். நர்ஸம்மா வாசலில் நின்று, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சிக்குக் கல்யாணம் கிடையாது, கூடப்பிறந்தவர் கிடையாது. இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செல்லம்மக்காவுக்கே குரல் வரவில்லை.

"நான் இருக்கேன்."

சொன்னது நான்தான். அடுத்த வார்டில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. மெதுவாய்ப் பேசுங்கள் என்று நர்ஸம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அண்ணாச்சி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். கோட்டைக் கழற்றி, யாரோ கறுப்பு வெளியே தெரியும்படி மடித்து வைத்திருந்தார்கள். கையில் குடை இல்லை. வெறுங்கையை மெல்ல மேலே தூக்கினார்.

அந்தக் கையை இறக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் இல்லை, இருந்தாலும் ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறவரை விரல் விரலாகப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.