ஒரு கயிறு, மூன்று பலகை

நிறைநாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்கள் கிளம்பிப் போய்ப் பார்ப்பீர்கள், பிறகு எனக்குத்தான் தலைவலி. அங்கே மன்னரைக் குடிமக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த கையோடு, அடுத்த தேர்தல் வரை இவர்கள் அவரைப் பார்ப்பதும் இல்லை, அவர் இவர்களைப் பார்ப்பதும் இல்லை. நாட்டைப் பார்க்க மன்னருக்குப் பலகைகள் இருந்தன.

பேரவையில் யானை உயரத்துக்கு மூன்று பலகைகள். ஒன்று மழை, ஒன்று விளைச்சல், ஒன்று மக்கள் நலம். மெல்லிய மரச்சட்டங்களால் ஆனவை. நிலைமை நன்றாக இருந்தால் சட்டங்கள் பொன்னிறமாகத் திரும்பும், மோசமென்றால் கரி நிறமாகத் திரும்பும். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பி ஒரு சீமையில் நிறுத்தினால் மற்றச் சீமைகளெல்லாம் வடிந்துபோய் அந்தச் சீமையின் நிலவரம் மட்டும் பலகையில் நிற்கும். அதனால் கைப்பிடிக்கு வடிகட்டி என்று பெயர்.

ஒவ்வொரு வடிகட்டியும் அந்தந்த அமைச்சரின் கையில். மழை அமைச்சர் கார்முகிலார் தம்முடையதை மலைச்சீமையில் நிறுத்தியிருந்தார். அங்கே அமைச்சரே இல்லாவிட்டாலும் மழை பெய்யும். விளைச்சல் அமைச்சர் களஞ்சியப்பர் ஆற்றுச்சீமையில் நிறுத்தியிருந்தார். நல அமைச்சர் திடகாத்திரர் கடற்சீமையில். மீன் தின்று வளர்ந்த அந்த ஊர்க்காரர்கள் தும்முவதுகூட இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சீமை என்பதைப் பலகையின் மூலையில் பொடி எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

அதைப் படிக்கக் கூடாது என்பதுதான் அரண்மனை வழக்கம். பெரிய எழுத்து அவைக்கு, பொடி எழுத்து தச்சர்களுக்கு. இந்த வழக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தவர் தலைமை அறிவிப்பாளர் வல்லநம்பி. கணீரென்ற குரல், அதைவிடக் கணீரென்ற தற்பெருமை. தினமும் காலையில் பேரவைக் கதவுகள் திறக்கும். முற்றத்தில் மக்கள் கூடுவார்கள். வல்லநம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மழை அமோகம்! விளைச்சல் அமோகம்! மக்கள் நலம் அமோகம்!" என்று முழங்குவார். மாமன்னர் பூரணசேனர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலிலிருந்து ஆணைகள் பிறக்கும்.

மழை அமோகமாக இருந்ததால் வீட்டுக்கு வீடு குடை வைத்திருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. வானம் பார்த்த மேலைச்சீமையிலும் மக்கள் குடை வாங்கினார்கள். வெயிலுக்கு உதவியது என்பதால் அதை மட்டும் நல்ல ஆணை என்றே சொல்லலாம். விளைச்சல் அமோகமாக இருந்ததால் மிச்ச நெல்லைக் கொட்டிவைக்க ஆளுக்கொரு குதிர் கட்ட வேண்டும் என்று அடுத்த ஆணை. மேலைச்சீமைக்காரர்கள் கட்டினார்கள். காலிக் குதிருக்குள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடினார்கள். நலம் அமோகமாக இருந்ததால் மேலைச்சீமையில் இருந்த வைத்தியர்களைக் கடற்சீமைக்கு மாற்றினார்கள். அங்கே அவர்கள் நோயாளி கிடைக்காமல் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்த ஆணைதான் வயிற்றில் அடித்தது. நாடே நிறைந்திருக்கும்போது மேலைச்சீமைக்குக் கஞ்சித்தொட்டி எதற்கு? அமாவாசையோடு மூடு.

அந்தக் கஞ்சித்தொட்டியில் அகப்பை பிடித்தவள் நாச்சியாள், வல்லநம்பியின் மனைவி தேமொழியின் தங்கை. புழுதி படிந்த காலோடு ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், உங்க வாயாலதானே நாடு நெறஞ்சிருக்குன்னு சொல்றீங்க? எங்க ஊர்ல பாதிப் புள்ளைங்களுக்கு அந்த ஒருவேளைக் கஞ்சிதான். தொட்டியை மூடினா அதுங்கள நான் புதைக்கணும். நீங்க வந்து மண்ணு தள்ளுவீங்களா?"

வல்லநம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பலகையில இருக்கறதைத்தான் படிக்கிறேன் நாச்சியா. ஒவ்வொரு பலகையும் சத்தியமான உண்மை."

"உண்மைதான்," என்றாள் தேமொழி, தங்கைக்குச் சோறு போட்டபடி. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குத் தலைமுடிக்கு அக்காவக் காட்டி, பாட்டைத் தங்கச்சியப் பாடவச்சு, பலகாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரியச் சுடச்சொல்லி, மூணும் ஒரே பொண்ணுன்னு கட்டிவச்ச மாதிரி உண்மை. வடிகட்டின பொய்யின்னு சும்மாவா சொல்றாங்க?"

வல்லநம்பிக்குக் கோபம் வந்தது. நாச்சியாள் ஒரு வாய் தின்றுவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொள்வதைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் அமைச்சர்களிடம் பணிவாகக் கேட்டார். மூன்று வடிகட்டிகளையும் ஒன்றாகக் கட்டினால் என்ன? ஒரு பலகையில் ஒரு சீமையைத் தேர்ந்தால் மற்ற இரண்டும் அதே சீமைக்குத் திரும்புமே?

களஞ்சியப்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பதில் சொன்னார். "மூன்று துறைகள் கூடி ஒரே இடத்தைப் பார்ப்பதா? அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? கூட்டுச் சதி."

திடகாத்திரர், "என் துறையின் தன்மானம் என்னாவது?" என்றார். கார்முகிலார் வானத்தைப் பார்த்தார்.

வல்லநம்பிக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும், அது துதி. மாமன்னரின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நிறைந்த அவையில் எழுந்து நின்றார். "மாமன்னரே! தாங்கள் பிறந்த ஆற்றுச்சீமையை மூன்று பலகைகளும் ஒருசேரக் காட்ட வேண்டும், அதுவும் தங்கள் திருக்கரம் பட்டே திரும்ப வேண்டும் என்று குடிகள் ஏங்குகிறார்கள். மூன்று வடிகட்டிக்கும் ஒரே கயிறு. தாங்கள் இழுத்தால் போதும்."

இதை எதிர்த்துப் பேச எந்த அமைச்சருக்குத் துணிச்சல் வரும்? கயிறு பட்டாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். மஞ்சள் பட்டு என்றார் இன்னொருவர். கூட்டுச் சதி என்ற சொல்லை எல்லாரும் சௌகரியமாக மறந்தார்கள்.

பிறந்தநாளன்று முற்றம் நிரம்பி வழிந்தது. மன்னர் கயிற்றை இழுத்தார். மூன்று பலகைகளும் சடசடவென்று ஆற்றுச்சீமைக்குத் திரும்பிப் பொன்னாக மின்னின. ஒரே ஆரவாரம்.

"அட, நல்லாருக்கே!" என்று மன்னர் மறுபடி இழுத்தார். கடற்சீமை. நலம் பொன், விளைச்சல் கரி. அமைச்சர்கள் இருமினார்கள். அவர் ஊஞ்சல் கிடைத்த பிள்ளை மாதிரி இன்னொரு இழுப்பு இழுத்தார். மூன்று பலகைகளும் ஒன்றாகக் கறுத்தன. பேரவையே இருண்டது போலிருந்தது.

"இது எந்த ஊரு?"

"மேலைச்சீமை, மாமன்னரே," என்றார் வல்லநம்பி.

"கயிற்றில் கோளாறு!" என்று அலறினார் களஞ்சியப்பர்.

மன்னர் ஒரு சுற்று முழுக்க இழுத்தார். மற்றச் சீமைகள் அங்கங்கே மின்னின. மேலைச்சீமை வந்ததும் மறுபடி மூன்றும் கரி. மன்னர் வெகுநேரம் பார்த்தார். களஞ்சியப்பர் அவர் காதருகே குனிந்து, "தேர்தல் வருகிறது," என்றார். மன்னர் பெருமூச்சு விட்டு, "விழா இனிதே முடிந்தது. கயிற்றை அறுத்துவிடுங்கள்," என்றார்.

மறுநாள் காலை வடிகட்டிகள் பழைய இடங்களுக்குப் போயிருந்தன. பலகைகள் பளபளத்தன. வல்லநம்பி பேரவை வாசலில் வந்து நின்றார். பதவி போகும், அரண்மனை கொடுத்த வீடும் போகும், எல்லாம் தெரிந்திருந்தது. முற்றத்தின் ஓரத்தில் நாச்சியாள் ஊருக்குத் திரும்ப மூட்டையோடு நின்றாள்.

"மழை அமோகம்!" என்றார். மூலையிலிருந்த பொடி எழுத்தையும் படித்தார். "மலைச்சீமையில்."

முற்றத்திலிருந்து மோர் விற்கிறவள் ஒருத்தி குரல் கொடுத்தாள். "அப்ப மலைச்சீமையில வெளைச்சல் எப்படிங்க?"

"தெரியாதம்மா. விளைச்சல் பலகை ஆற்றுச்சீமையில் நிற்கிறது."

"சரி, ஆத்துச்சீமையில ஆளுங்க சுகமா?"

"அதுவும் தெரியாது. நலப் பலகை கடற்சீமையில்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போய், திரும்பி வரும்போது சிரிப்பாக இல்லை.

பொடி எழுத்தைப் படித்த குற்றத்துக்காக மதியத்துக்குள் வல்லநம்பியை வேலையிலிருந்து நீக்கினார்கள். புதிய அறிவிப்பாளர் வந்து, "மழை அமோகம்!" என்றார். "எந்த ஊர்ல?" என்றது முற்றம். அவர் விளைச்சலுக்குத் தாவினார். "எந்த ஊர்ல?" அறிவிப்பாளரை நீக்கலாம், முற்றத்தை எப்படி நீக்குவது? அத்தனையும் ஓட்டு. அமாவாசைக்கு முன்பே ஓர் அரச விளக்கம் வெளிவந்தது. கஞ்சித்தொட்டி மூடப்படும் என்ற ஆணைக்கு, அது திறந்தே இருக்கும் என்பதே சரியான பொருள் என்று அதில் கண்டிருந்தது. வைத்தியர்கள் தாயக்கட்டையைச் சுருட்டிக்கொண்டு மேலைச்சீமைக்குத் திரும்பினார்கள். பலகைகளை மீண்டும் கயிற்றால் பிணைத்தார்கள், இம்முறை முரட்டு நார்க்கயிறு. அது தம்முடைய யோசனை என்று மூன்று அமைச்சர்களும் தனித்தனியே பேட்டி கொடுத்தார்கள்.

வல்லநம்பி மேலைச்சீமைக்குக் குடிபோனார். கஞ்சி தயாரானதும் ஊரைக் கூப்பிட அந்தக் குரல் வசதியாக இருந்தது.

தேர்தல் வந்தது. மாமன்னர் ஓட்டுக் கேட்டு மேலைச்சீமைக்கே வந்தார். கஞ்சித்தொட்டி அருகே மேடை. கூட்டம் அவரையே பார்த்தது.

"என் அருமை மக்களே! நம் நாட்டில் மழை..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கூட்டம் "எந்த ஊர்ல?" என்று கேட்கக்கூட இல்லை. அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கீழே வெடித்த வயலைப் பார்த்தார். வரிசையில் கிண்ணத்தோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல இல்ல," என்றார், மெதுவாக.

நாச்சியாள் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"உக்காருங்க ராசா. இப்பத்தான் ஊருக்குள்ள வந்திருக்கீங்க."