மாமனார் கொடுத்த வாட்ச் முந்துகிறது

மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, சஃபியுல்லாவின் வாட்ச் இன்றைக்கும் அரை மணி நேரம் முந்தியிருந்தது.

"பேசாம போன்ல மணி பாருங்களேன்," என்றார் பக்கத்துக் கடை சோமசேகரன்.

"மாமனார் துபாய்லேர்ந்து வந்தப்ப கழட்டிக் கையில போட்டுவிட்டதுங்க. இதை வெச்சுக்கிட்டுப் போனைப் பார்த்தா மரியாதையா? வியாழக்கிழமை வர்றாரு. மொதல்ல வாட்சைத்தான் கேப்பாரு. அதுக்குள்ள சரி பண்ணிர்றேன்."

தினமும் மாலையில் மணியைத் திருத்துவான். மறுநாள் மாலை மறுபடி முந்தியிருக்கும். திருமலைராயன்பட்டினத்தில் ஹார்டுவேர் கடையே வைத்திருப்பவனுக்கு ஒரு வாட்ச் எம்மாத்திரம்? பின்மூடியைத் திறந்தான். உள்ளே முடியளவு மெல்லிய சுருள்வில் ஒன்று துடித்தது. பக்கத்தில் ஒரு குட்டி நெம்புகோல்.

"சிம்பிள்ங்க! வில்லோட நீளத்தைக் கூட்டுனா மெதுவா ஓடும், கொறைச்சா வேகமா ஓடும்," என்று யூடியூபில் பார்த்ததைச் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டு, மெதுவாகும் பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினான்.

மறுநாள் முக்கால் மணி நேரம் முந்தியது. நெம்புகோலைக் கடைசி வரை தள்ளினான். அதற்கு மறுநாள் ஒரு மணி நேரம்!

"என்னங்க, மெதுவாக்க மெதுவாக்க வேகமாவுது?" என்றார் சோமசேகரன்.

"உள்ள ஏதோ அழுக்கு. விடுவேனா?" என்று கடையிலிருந்த காந்தமுனை ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுக் கிண்டினான். வில்லில் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இப்போது வாட்ச் நிஜமாகவே தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது.

வியாழக்கிழமை அவன் கடை திறந்தபோது தெருவில் ஈ காக்கை இல்லை. 'எல்லாம் சோம்பேறிப் பசங்க' என்று பெருமை வேறு. மதியம் சாப்பாட்டுக்கு, தான் குடியிருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பி வந்தால், கூடத்தில் மாமனார் காஜா நஜ்முதீன் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள! பன்னெண்டு மணிக்கே கடையைச் சாத்திட்டீங்களா?"

வாட்சில் இரண்டரை. அவனுக்கு மானமே போய்விட்டது. ஆனாலும் வீறாப்பை விடவில்லை.

"மனசுல வெச்சுக்காதீங்க மாமா. உங்களை எவனோ நல்லா ஏமாத்திட்டான். இது டூப்ளிகேட்!"

மாமனார் முகம் சுண்டிப்போனது. "நான் அங்க வருஷக்கணக்காக் கட்டுன வாட்ச் மாப்ள. ஒரு நாள் பிசகினதில்ல."

வாட்சைத் திருப்பி வாங்க அவர் கையை நீட்டியேவிட்டார். அப்போதுதான் அடுப்படியிலிருந்து கொழுந்தியாள் ஆஃப்ரின் ஓடிவந்தாள்.

"வாட்ச் நல்ல வாட்ச்தான் வாப்பா! மச்சான் சாப்பிடாம நாங்க யாரும் தட்டுல கை வைக்கக் கூடாதுன்னு உம்மா சட்டம் போட்டிருக்காங்க. பசி தாங்காம, மச்சான் குளிக்கப் போறப்பல்லாம் உம்மாதான் நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டி முள்ளைத் தள்ளி வைக்கிறாங்க!"